ஃபுமிட்டோ உவேடா: இருபது வருஷத்தில் மூன்றே கேம். மேதையா, மெத்தனமா?

#1 கொத்தளம்

போன வாரம் வேறொரு இழையில் ஜப்பானிய கேம் இயக்குநர்களைப் பற்றிப் பேச்சு ஓடியது. மியாமோட்டோ, கோஜிமா, மியாசாகி என்று எல்லாரையும் துவைத்துக் காயப்போட்டோம். உவேடா பெயர் வந்ததும் மட்டும் "அந்த ஆள் மூணு கேம்தானே பண்ணியிருக்கார்" என்று ஒருவர் ஒரே வரியில் கதையை முடித்துவிட்டார். அது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது, அதனால் தனி இழை.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1970இல் ஹியோகோ மாகாணத்தின் தட்சுனோவில் பிறந்தவர். 1993இல் ஒசாகா கலைப் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்தார். கொஞ்ச காலம் ஓவியராகப் பிழைக்கப் பார்த்துவிட்டு கேம் பக்கம் திரும்பினார். 1995இல் வார்ப் நிறுவனத்தில் அனிமேட்டராகச் சேர்ந்து, கென்ஜி ஈனோ இயக்கிய எனிமி ஜீரோவில் வேலை பார்த்தார். சேகா சாட்டர்னில் வந்த கேம் அது; எதிரிகள் கண்ணுக்கே தெரிய மாட்டார்கள், சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். 1997இல் சோனிக்கு வந்தார். அப்புறம் ஈக்கோ (2001), ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் (2005), தி லாஸ்ட் கார்டியன் (2016). பட்டியல் அவ்வளவுதான்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உவேடாவின் முறை கழித்தல். கேமில் வழக்கமாக இருக்கும் ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்ப்பார். அது இல்லாமலும் கேம் நிற்கும் என்றால் தூக்கிவிடுவார். ஈக்கோ என்பது ஒரு பையன் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக் கோட்டையிலிருந்து கூட்டிவரும் கேம். அதில் உயிர்ப்பட்டை (உயிர் எவ்வளவு மிச்சம் என்று திரையில் காட்டும் பட்டை) கிடையாது, பொருள் பட்டியல் கிடையாது, கதையை விளக்கும் நீள வசனமும் கிடையாது. இதைக் கேட்டால் வேலை மிச்சமாகியிருக்கும் என்றுதான் தோன்றும். நடந்தது நேர்மாறு. பட்டையை எடுத்துவிட்டால், பையன் களைத்திருக்கிறான், அந்தப் பெண் பயந்திருக்கிறாள் என்பதை உடம்பின் அசைவே சொல்லியாக வேண்டும். வருஷங்கள் எல்லாம் அதற்குத்தான் போயின என்பது என் எண்ணம். சோம்பல், மெத்தனம் என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

மறுப்பவர்கள் வரலாம்.

#2 மெமரி கார்டு

அந்த ஒரு வரி என்னுடையதுதான். பெயர் போட்டே திட்டியிருக்கலாம் சகோ.

கழித்தல் எல்லாம் சரி, காலக்கணக்கைப் பாருங்கள். ஈக்கோ 1997இல் முதல் பிளேஸ்டேஷனுக்காக ஆரம்பித்தது. இரண்டு வருஷம் உழைத்து, பாதி கேம் கையில் இருக்கும்போது இந்த மெஷினில் நினைத்தது வராது என்று தெரிகிறது. கைவிடுவதா, ஆசையைக் குறைத்துக்கொள்வதா என்ற நிலை. பிளேஸ்டேஷன் 2க்கு மாறித்தான் தப்பித்தார்கள். சரி, முதல் முறை இயக்குகிறவர், விட்டுவிடுவோம்.

பத்து வருஷம் கழித்து அதே கதை. லாஸ்ட் கார்டியன் 2007இல் தொடக்கம். 2009 இ3 கண்காட்சியில் பிளேஸ்டேஷன் 3க்கு என்று அறிவிப்பு. 2011இல் வரும் என்றார்கள், வரவில்லை. அந்த வருஷக் கடைசியில் உவேடாவே சோனியிலிருந்து விலகி, ஒப்பந்த அடிப்படையில் அதே கேமைத் தொடர்ந்தார். 2014இல் ஜென்டிசைன் என்று சொந்த ஸ்டுடியோ. 2015 இ3இல் மறுபடி அறிமுகம், இந்த முறை பிளேஸ்டேஷன் 4. கடைசியில் கடைக்கு வந்தது 2016 டிசம்பரில்.

ஒரே பள்ளத்தில் இரண்டு தடவை வண்டியை இறக்கினால் குறை ரோட்டில் இல்லை, ஓட்டுகிறவரிடம்தான்.

#3 அரைத்தூக்கம்

லாஸ்ட் கார்டியன் அறிவித்தபோது நான் ஸ்கூல் பையன். வெளிவந்தபோது இஎம்ஐ கட்டிக்கொண்டிருந்தேன். இதற்கு மேல் இந்த விவாதத்தில் நான் சொல்ல ஒன்றுமில்லை.

#4 தூரிகை

நான் அனிமேஷனில் வேலை பார்ப்பவன். கொத்தளம் சொன்னதை என் மேஜையிலிருந்து கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். நீளமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈக்கோவின் மொத்த கேமும் ஒரு பொத்தானில் இருக்கிறது: ஆர்1. அழுத்தினால் பையன் கையை நீட்டுவான். அந்தப் பெண், யோர்டா, பக்கத்தில் இருந்தால் பிடித்துக்கொள்வாள். தூரத்தில் இருந்தால் அவன் கூப்பிடுவான், அவள் வருவாள். பிடித்தபடி ஓடிப் பாருங்கள். முதலில் அவள் மணிக்கட்டு இழுபடும், அப்புறம் தோள், அப்புறம் இடுப்பு, கால்கள் கடைசியாகத்தான் வந்து சேரும். திடீரென்று நின்றால் அவள் ஒன்றிரண்டு அடி தடுமாறி வருவாள், இறுகியிருந்த கை தொய்ந்துவிடும். படிக்கட்டில் அவன் மேல்படியிலும் அவள் கீழ்படியிலும் இருக்கும்போது கையின் கோணமே வேறு. இதெல்லாம் நிஜ ஆளின் அசைவைப் பதிவுசெய்யும் மோஷன் கேப்சர் இல்லை, ஒவ்வொரு நிலையாகக் கையால் செய்த கீ ஃபிரேம் அனிமேஷன். இரண்டு உருவங்களை ஒரு மணிக்கட்டில் கட்டிப்போட்டு, சமமில்லாத தரையில், ஆடுபவர் எந்தத் திசையில் இழுப்பார் என்றே தெரியாமல் இயல்பாக ஓடவைப்பது எவ்வளவு பெரிய தலைவலி என்று இந்தத் தொழிலில் இருப்பவர்களைக் கேளுங்கள். 2001இல் அதைச் செய்திருக்கிறார்கள்.

கையை விட்டுவிட்டுச் சும்மா நின்றாலும் அவள் பொம்மை மாதிரி நிற்க மாட்டாள். தானாக ஒரு மூலைக்கு நடந்து போவாள், எதையோ அண்ணாந்து பார்ப்பாள். ரொம்ப நேரம் புதிர் புரியாமல் முழித்தால் வழியிருக்கும் திசையைக் கையால் காட்டுவாள். சேவ் செய்ய வேண்டும் என்றால் இருவரும் கல் சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வேண்டும். மெனு செய்ய வேண்டிய வேலையைக்கூட அந்த இரண்டு பேரின் உறவுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

இந்த யோசனைக்கு விதை ஒரு டிவி விளம்பரம். காட்டு வழியில் ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்து நடந்துபோகும் காட்சி. அதைப் பார்த்துவிட்டு 1997இல் மூன்று நிமிஷ அளவுக்கு ஒரு மாதிரிப் படம் செய்து காட்டினார். குழுவில் ஆரம்பத்தில் இருந்தவர்கள் பலர் கேம் துறைக்கே வெளியிலிருந்து வந்தவர்கள்: இரண்டு நிரலாளர், நான்கு ஓவியர், ஒரு வடிவமைப்பாளர், கூடவே உவேடாவும் தயாரிப்பாளர் கென்ஜி கைடோவும். ஷேடோ சமயத்தில் விண்ணப்பித்த 500 ஓவியர்களில் ஒன்றிரண்டு பேர்தான் உவேடாவின் எதிர்பார்ப்புக்குத் தேறினார்கள் என்று கைடோ சொல்லியிருக்கிறார். இந்த ஆளிடம் வேலை பார்ப்பது சுகமாக இருந்திருக்காது, அது வேறு விஷயம்.

இன்னொன்று: ஜப்பான், ஐரோப்பா பதிப்புகளின் அட்டைப்படத்தை உவேடாவே வரைந்தார். இத்தாலிய ஓவியர் டி கிரிக்கோவின் பாணி: நீண்ட நிழல்கள், வெறிச்சோடிய கோட்டை, ஓடும் இரண்டு சின்ன உருவங்கள். அமெரிக்கப் பதிப்புக்கு வேறு அட்டை போட்டார்கள். அதைப் பார்த்துவிட்டு யாராவது ஒரு மலிவு சண்டை கேம் என்று நினைத்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

#5 வானதி

தூரிகை அண்ணா, அனிமேஷனில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் யாரும் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். யோர்டா இழுத்த இழுப்புக்கு வருகிற பெண். தானாக ஏற மாட்டாள், சண்டை போட மாட்டாள், கூப்பிட்டால்தான் வருவாள். முதல் தடவை ஆடியபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இருபத்தைந்து வருஷமாக இதைக் கவிதை என்று புகழ்கிறோம், ஆனால் அடிப்படையில் இது ராட்சசக் கோட்டையிலிருந்து ராஜகுமாரியை மீட்கும் அதே பழைய கதை.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஆரம்ப மாதிரிப் படத்தில் கொம்பு இருந்தது பெண்ணுக்கு. பையன் வழக்கமான சாகச வீரன். பிறகுதான் கொம்பு பையன் தலைக்கு மாறியது. அந்த ஒரு மாற்றத்தால் இருவருமே ஊரால் ஒதுக்கப்பட்டவர்கள் ஆகிவிட்டார்கள். அதை நல்ல முடிவு என்றே சொல்வேன்.

ஒரு விஷயத்தில் உவேடாவுக்கு மதிப்பெண் கொடுத்துத்தான் ஆக வேண்டும். நிழல் உருவங்கள் பையனைக் கொல்ல வருவதில்லை. தள்ளிவிடும், விழுவான், எழுந்துவிடுவான். அவை தேடி வருவது அவளை. தரையில் திறக்கும் கருங்குழிக்குள் அவளை முழுதாக இழுத்துவிட்டால் கேம் முடிந்தது, பையன் கல்லாகிவிடுவான். அதாவது ஆடுபவரின் உயிர் அவரிடம் இல்லை, இன்னொருவர் உடம்பில் இருக்கிறது. உயிர்ப்பட்டை இல்லை என்று கொத்தளம் சொன்னாரே, பட்டை இருக்கிறது. அது யோர்டாதான்.

(கதை வெளிப்படும், ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள்.) பாதிக்கு மேல் வரும் பாலக் காட்சியில் கணக்குத் திரும்புகிறது. பாலம் பிளக்கும்போது அவன் அவளிடம் தாவுகிறான், அவள் பிடிக்கிறாள். அதுவரை எல்லாத் தாவலிலும் பிடித்தது அவன். அங்கே வசனம் ஒன்றும் இல்லை, ஆனாலும் புரிந்தது. என் எரிச்சல் முழுதாகப் போகவில்லை, பாதி போனது.

#6 நிரலாளன்

மெமரி கார்டு, உங்கள் கணக்கில் ஷேடோவைத் தாண்டிக் குதித்துவிட்டீர்கள். அது 2005 அக்டோபரில் அதே பிளேஸ்டேஷன் 2இல் வந்தது. மெஷின் மாறவில்லை. குழு சுமார் 35 பேர்தான். கழித்தல் என்றால் என்ன என்று காட்ட அதைவிட நல்ல உதாரணம் இல்லை.

முதலில் இருந்த திட்டமே வேறு. நிகோ என்ற பெயரில் ஒரு முன்மாதிரி செய்தார்கள். குதிரை ஏறிய பல வீரர்கள் இணையத்தில் ஒன்றுசேர்ந்து ஒரு மாபெரும் உருவத்தை வீழ்த்துவது. அந்த யோசனையில் ஆன்லைன் போனது, கூட்டம் போனது, வாண்டர் என்ற ஒருவன் மிஞ்சினான். வீழ்த்த வேண்டிய அந்த மாபெரும் உருவங்களுக்குப் பெயர் கொலோசஸ்; எண்ணிக்கை 48 என்று ஆரம்பித்து 24 ஆகி 16இல் வந்து நின்றது. சின்ன எதிரிகள், ஊர், கடை எதுவும் கிடையாது. பரந்த நிலம், ஒரு குதிரை, பதினாறு பெரிய உடம்புகள்.

இப்போது நிரல் பக்கம். சாதாரண கேமில் தரை அசையாது, ஆள் அசைவான். தரை எங்கே இருக்கிறது என்ற கணக்கு ஒரு தடவை போட்டால் போதும். ஷேடோவில் தரையே ஒரு மிருகம். அதன் கை தாழ்ந்திருக்கும்போது நீங்கள் அதன்மேல் நடக்கலாம். அது கையைத் தூக்கினால் அதே இடம் செங்குத்துச் சுவராகிவிடும், ரோமத்தைப் பிடித்துத் தொங்க வேண்டும். தோல் வளையும் இடத்தில் மோதல் கணக்கும் (ஆள் எங்கே தொடுகிறான் என்ற கணக்கு) கூடவே வளைய வேண்டும், அதுவும் ஒவ்வொரு ஃபிரேமிலும். அது உடம்பைக் குலுக்கினால் தொங்கும் ஆளின் கால்கள் காற்றில் அடிக்க வேண்டும். இத்தனையும் 32 எம்பி நினைவகமும் 300 மெகாஹெர்ட்ஸுக்குக் கொஞ்சம் கீழே ஓடும் பிராசசரும் வைத்த பெட்டியில். நான் தினமும் திறக்கும் பிரவுசர் டேப் ஒன்றே அதைவிடப் பல மடங்கு சாப்பிடுகிறது.

பதினாறோடு நிறுத்தியதால்தான் இது முடிந்தது. 48 கொலோசஸ் வைத்திருந்தால் பாதிக்கு மேல் ஒரே மாதிரி நிறம் மாற்றிய உருவங்களாகத்தான் இருந்திருக்கும்.

#7 மெமரி கார்டு

எல்லாம் அருமை நிரலாளன். ஆனால் அந்தப் பெட்டியில் அது எப்படி ஓடியது என்றும் சொல்லுங்கள். சண்டை சூடுபிடித்தால் விநாடிக்கு 20 ஃபிரேமுக்கும் கீழே இறங்கிவிடும். அதுவும் மெஷினுக்கு மீறிய ஆசைதான். 2018இல் புளூபாயிண்ட் ஸ்டுடியோ செய்த ரீமேக்கில்தான் அந்த கேமை உவேடா மனதில் எப்படிப் பார்த்திருப்பாரோ அப்படிப் பார்க்க முடிந்தது என்பேன்.

#8 கொத்தளம்

ஃபிரேம் குறைந்தது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பழைய பதிப்பில்கூட என்ன நடந்தது என்பதற்கு இரண்டு கொலோசஸ்களைச் சொல்கிறேன்.

பத்தாவது. மணலுக்கடியில் நீந்தும் ராட்சசப் புழு. குதிரையில் பாய்ந்து ஓடிக்கொண்டே, திரும்பிப் பின்னால் பார்த்து, துரத்திவரும் அதன் கண்ணில் அம்பு விட வேண்டும். அந்த நேரம் முன்னால் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. கடிவாளம் கையில் இல்லை. அக்ரோ தானாக ஓடும், தானாக வளையும். அதுவரை அந்தக் குதிரை சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று திட்டிக்கொண்டிருந்தவர்களுக்கு அங்கேதான் விஷயம் விளங்கும். பந்தய கார் மாதிரி முழுக்க நம் கைக்கு அடங்கியிருந்தால் இந்தச் சண்டையையே வைத்திருக்க முடியாது. அது தனக்கென்று ஒரு புத்தியோடு ஓடுவதால்தான் நாம் திரும்பிப் பார்க்க முடிகிறது.

பதின்மூன்றாவது. பாலைவனத்துக்கு மேலே மெதுவாக நீந்தும் நீளமான உயிர். அது உங்களைத் தாக்குவதே இல்லை. கடைசிவரை. வயிற்றுக்கடியில் இருக்கும் மூன்று காற்றுப் பைகளில் அம்பு விட்டு நீங்கள்தான் அதைக் கீழே இறக்குகிறீர்கள். அதன் துடுப்புகள் மணலில் உரசிக்கொண்டு போகும்போது குதிரையைப் பக்கத்தில் ஓட்டி, முதுகில் எழுந்து நின்று தாவிப் பிடிக்க வேண்டும். அந்தத் தாவல் தரும் குதூகலம் எந்த கேமிலும் எனக்குக் கிடைத்ததில்லை. இரண்டு நிமிஷம் கழித்து, ஒன்றும் செய்யாத அந்த உயிரைக் குத்திச் சாய்த்ததும் கோ ஓட்டானியின் இசை வெற்றி முழக்கம் போடாது, துக்க வீட்டு இசையாக வரும். கருப்பு இழைகள் வந்து வாண்டருக்குள் புகும். கேம் உங்களைத் திட்டவில்லை, தண்டிக்கவில்லை, "நீ செய்தது தப்பு" என்று ஒரு பாத்திரமும் வந்து சொல்லவில்லை. ஒவ்வொரு கொலைக்கும் பிறகு வாண்டரின் முகத்தைக் கவனித்துப் பாருங்கள். தோல் வெளுத்துக்கொண்டே போகும், அழுக்குப் படியும், கடைசியில் தலையில் சின்னதாகக் கொம்பு முளைக்கும். நான் முதல் தடவை ஆடும்போது இதைக் கவனிக்கவே இல்லை. அவ்வளவு நைசாக வைத்திருக்கிறார்கள்.

2006இல் கேம் டெவலப்பர்ஸ் சாய்ஸ் விருதுகளில் அந்த வருஷத்தின் சிறந்த கேம் இதுதான். சக தொழில்காரர்கள் கொடுத்த விருது.

#9 மலைச்சாமி

ரெண்டு கேம் பற்றி எல்லாரும் உருகிவிட்டீர்கள். மூன்றாவதுக்கு வருவோமா?

லாஸ்ட் கார்டியனை ஆசையாக வாங்கி ஆரம்பித்தேன். அதில் நாம் ஒரு சின்னப் பையன், கூட வருவது ட்ரைக்கோ என்ற ராட்சசப் பிராணி. பூனை, நாய், பறவை மூன்றும் கலந்தது. அழகுதான், சந்தேகமில்லை. மேலே ஒரு விளிம்பு இருக்கிறது, அங்கே தாவு என்று சைகை காட்டுகிறேன். அது என்னைப் பார்க்கும். காதைச் சொறியும். வேறு பக்கம் திரும்பும். மறுபடி காட்டுகிறேன். உட்கார்ந்துவிடும். சரி, வழி இது இல்லைபோல என்று வேறு இடமெல்லாம் சுற்றிவிட்டு வந்தால், அதே விளிம்புக்கு அப்போது தாவும். இதற்குப் பெயர் கலை என்றால் என் வீட்டு வைஃபையும் கலைதான்.

கேமரா அதைவிட மோசம். சின்ன அறையில் ட்ரைக்கோ திரும்பினால் திரை முழுக்க இறகு, பையன் எங்கே என்றே தெரியாது.

#10 தூரிகை

கேமரா விஷயத்தில் ஒரு வார்த்தைகூட மறுக்க மாட்டேன் மலைச்சாமி அண்ணே. அது குறைதான்.

ஆனால் சொன்னதும் கேட்காமல் இருப்பது வேறு. தாவச் சொன்னதும் தாவினால் அது லிஃப்ட். பொத்தானை அழுத்தினால் மேலே போகும் சாதனம். உவேடா செய்ய நினைத்தது அது இல்லை. சின்ன வயதில் மீன், பறவை என்று பிடித்து வளர்த்தவர் அவர். அனிமேஷன் ஆசையும் மிருகங்களும்தான் தன் கேம்களில் இறங்கியிருக்கின்றன என்று அவரே சொல்லியிருக்கிறார். ட்ரைக்கோவிடம் அது தெரிகிறது. கண் வடிவம் வரைந்த கண்ணாடிகளைக் கண்டால் அது பயந்து அடியெடுத்து வைக்காது, நீங்கள் போய் உடைக்க வேண்டும். கவச வீரர்களோடு சண்டை போட்டு முடித்த பிறகு உடனே பழைய நிலைக்கு வராது, சிலிர்த்துக்கொண்டு சுற்றும். முதுகில் ஏறி, குத்திய ஈட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, தடவிக்கொடுத்தால்தான் அடங்கும். அந்தத் தடவலுக்கு கேமில் மதிப்பெண் கிடையாது.

இன்னொரு கோணமும் இருக்கிறது. ஈக்கோவில் நீங்கள் பலசாலி, யோர்டாவை நிழல்கள் தூக்கிப்போகும். இங்கே கவச வீரர்கள் தூக்கிக்கொண்டு கதவை நோக்கி ஓடுவது உங்களை. ட்ரைக்கோ வந்து காப்பாற்ற வேண்டும். பதினைந்து வருஷம் கழித்து ஆடுபவரை யோர்டா இடத்தில் உட்காரவைத்திருக்கிறார். வானதியின் எரிச்சலுக்கு அவர் கொடுத்த பதில் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

#11 நடத்துநர்

முடிவைப் பற்றி எழுதும்போது எச்சரிக்கை போடுங்கள். வானதி போட்டார், மற்றவர்களும் பின்பற்றவும். வைஃபை பற்றிப் பேச தனிப் பகுதி இருக்கிறது மலைச்சாமி.

#12 வானதி

தூரிகை அண்ணா, பதில் என்று சொல்லமாட்டேன், ஆனால் யோசிக்க வைத்துவிட்டீர்கள். லாஸ்ட் கார்டியனை ஒருநாள் மறுபடி ஆடிப் பார்க்கிறேன்.

எண்ணிக்கைக்கு வருகிறேன். மூணு கேம்தானே என்பவர்கள் அந்த மூன்றும் எங்கெல்லாம் முளைத்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஹிடெடாகா மியாசாகி ஆரக்கிள் மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர். நண்பர் சொல்லி ஈக்கோவை ஆடினார், அதற்குப் பிறகுதான் கேம் துறைக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்தார். வயது 29, அனுபவம் பூஜ்யம், பல இடத்தில் கதவு திறக்கவில்லை, 2004இல் ஃபிரம்சாஃப்ட்வேர் சேர்த்துக்கொண்டது. அவர் இயக்கிய டீமன்ஸ் சோல்ஸ், டார்க் சோல்ஸ் எல்லாம் அப்புறம் வந்தவை. யாரும் கதையை விளக்காத பாழடைந்த கோட்டைகள் என்றால் யார் நினைவு வருகிறது? நாட்டி டாக் ஸ்டுடியோவின் கேம் இயக்குநர் நீல் டிரக்மனும் தன்னைப் பாதித்த கேம்களில் ஈக்கோவைச் சொல்லியிருக்கிறார்.

ரசிகர்கள் கதை இன்னும் விசித்திரம். ஷேடோவின் நிலப்பரப்பில் அத்தனை இடம் காலியாக இருந்ததால், பதினேழாவது கொலோசஸ் எங்கேயோ ஒளிந்திருக்கிறது என்று ஒரு கூட்டம் வருஷக்கணக்கில் தேடியது. ஒவ்வொரு பாறை இடுக்காக. கிடைக்கவில்லை, ஏனென்றால் அது இல்லை. அந்தத் தேடலுக்கு மரியாதையாக 2018 ரீமேக்கில் 79 நாணயங்களை ஒளித்து வைத்தார்கள். எல்லாவற்றையும் பொறுக்கினால் ஒரு வாள் கிடைக்கும். வெற்றிடத்தை விட்டுவைத்தால் ஆட்கள் அதற்குள் போய்க் குடியேறுகிறார்கள்.

#13 மெமரி கார்டு

வானதி, பாதிப்பு இருக்கிறது என்பதை நான் எப்போதும் மறுத்ததில்லை. என் கேள்வி அவருடைய வேலை வாழ்க்கையைப் பற்றி. முதல் இரண்டு கேமுக்கும் கைடோ என்ற தயாரிப்பாளர் கூடவே இருந்தார். "போதும், இதோடு வெளியிடலாம்" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். கழிக்கத் தெரிந்தவருக்கு நிறுத்தத் தெரிந்திருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. 48ஐ 16 ஆக்க அவரால் முடிந்தது. ட்ரைக்கோவின் ஆசையில் எதைக் கழித்திருக்கலாம் என்று யோசியுங்கள், கஷ்டம். அந்தப் பிராணி ஒன்றுதான் கேமே. அதைக் குறைத்தால் ஒன்றும் மிஞ்சாது. அதனால்தான் அது அத்தனை வருஷம் இழுத்தது என்று நினைக்கிறேன்.

#14 கொத்தளம்

இது என் கட்சிக்கு வலு சேர்க்கிற மாதிரித்தான் இருக்கிறது, மெமரி கார்டு. கழித்துக் கழித்துக் கடைசியில் ஒற்றை உயிர் மிஞ்சியது. அந்த ஒன்று நம்பும்படி இல்லை என்றால் மொத்தமும் போச்சு. ஆனால் சோனி மாதிரி பெரிய நிறுவனம் பொறுத்துக்கொண்டதால்தான் அது வெளியே வந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வேறு இடமாக இருந்தால் 2012லேயே இழுத்து மூடியிருப்பார்கள்.

#15 அரைத்தூக்கம்

அடுத்தது? எபிக் கேம்ஸ் பணம் போடுகிறது என்று 2020இல் சொன்னார்கள். 2024 டிசம்பரில் கேம் அவார்ட்ஸில் ஒரு டிரெய்லர். ராட்சச ரோபோ, அதன்மேல் ஏறும் ஒரு ஆள். பெயர்கூட வைக்கவில்லை, புராஜெக்ட் ரோபோட் என்று தற்காலிகமாக ஓடுகிறது. தேதி இல்லை. என் இஎம்ஐ முடிவதற்குள் வரும் என்று யாராவது பந்தயம் கட்டத் தயாரா?

#16 மெமரி கார்டு

கட்ட மாட்டேன். ஆனால் வந்த அன்றைக்கே வாங்குவேன்.

#17 புதுவரவு

வணக்கம் அண்ணா, அக்கா எல்லாருக்கும். இந்த இழையைப் படித்துவிட்டு ஆசை வந்துவிட்டது. பிஎஸ்5 இருக்கிறது. எதிலிருந்து ஆரம்பிக்கலாம்?

#18 நிரலாளன்

ஷேடோ ரீமேக்கில் ஆரம்பியுங்கள் தம்பி. பிஎஸ்4 தட்டு போட்டால் பிஎஸ்5இல் ஓடும். ஈக்கோவுக்கு நல்ல வழி 2011இல் பிஎஸ்3க்கு வந்த எச்டி தொகுப்புதான், பழைய பிஎஸ்3 கிடைத்தால் விடாதீர்கள். அதில் இன்னொரு வசதி, ஜப்பான் பதிப்பில் இருந்தவை உள்ளே இருக்கும். இரண்டாவது தடவை ஆடும்போது யோர்டா பேசுவது என்ன என்று எழுத்தில் வரும். 2001 செப்டம்பரில் அவசரமாக வந்த அமெரிக்கப் பதிப்பில் அது இல்லை.

லாஸ்ட் கார்டியனுக்கு ஒரு தந்திரம்: டவுன்லோடு வாங்காமல் தட்டாக வாங்குங்கள். பிஎஸ்5இல் போட்டு, அப்டேட் எதையும் இறக்காமல், பெட்டியில் இருந்த முதல் பதிப்பாகவே ஓட்டினால் 60 ஃபிரேமில் ஓடும். அப்டேட் போட்டால் 30க்குத் திரும்பிவிடும். இணையத்தைத் துண்டித்துவிட்டு நிறுவுவது உத்தமம்.

#19 புதுவரவு

ரொம்ப நன்றி அண்ணா. ரீமேக் வாங்கிவிட்டேன். முதல் கொலோசஸிடமே மாட்டிக்கொண்டேன். கால் மேல் ஏறினால் உதறித் தள்ளிவிடுகிறது. மேலே போக வழியே தெரியவில்லை.

#20 வானதி

வாளை உயர்த்தி வெளிச்சத்தை அதன்மேல் காட்டு. பின்பக்கம் போ. இடது கெண்டைக்காலில் ரோமம் இருக்கும், ஆர்2 அழுத்திப் பிடித்தபடியே ஏறி அங்கே ஒளிரும் இடத்தில் குத்து. அது மண்டியிடும். அப்போது தொடை வழியாக இடுப்பு மேடைக்கு ஏறிவிடலாம், அங்கே நின்று மூச்சு வாங்கிக்கொள். திரையில் கீழே, பிடிக்க இன்னும் எவ்வளவு தெம்பு என்று காட்டும் வட்டம் சுருங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இரு. அது குலுக்கும்போது நகரப் பார்க்காதே, பிடித்துக்கொண்டு மட்டும் இரு. தலைக்குப் போனதும் வந்து சொல்.